பழைய பதிவைத் தூக்கி எறியாதீர்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் பேராசிரியப் பெருமக்களே, எனக்கு முன் பேசி என் நேரத்தையும் எடுத்துக்கொண்ட நண்பரே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய செயலாளருக்குத் தனியாக ஒரு நன்றி.

சுழன்றபடியே கலங்கரை விளக்கம்போல் கதிர் வீசும் விண்மீன்களான இளம் பல்சர்களைப் பற்றி மூன்று செய்திகள் சொல்வேன் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள்: அவை எப்படிப் பிறக்கின்றன, எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், எக்ஸ் கதிரைவிட ஆற்றல் மிகுந்த காமாக் கதிரை வீசும் சில மூலங்கள் ஏன் இன்னும் அடையாளம் தெரியாமலே கிடக்கின்றன. சரி, பார்ப்போம். அதற்கு முன், சிறு துரும்பும் பல் குத்த உதவும். எந்த மேடையிலும் இதைச் சொல்லாமல் நான் இறங்கியதில்லை.

பெரிய விண்மீன் வெடித்தால் நடுவில் ஒரு நியூட்ரான் விண்மீன் மிஞ்சலாம். பல்சர் என்பது அந்த வகைதான். குறுக்களவு சுமார் 20 கிலோமீட்டர். நிறையோ சூரியனைவிட அதிகம். நண்டு நெபுலா என்ற வெடிப்பு முகிலில் இருப்பது நொடிக்கு 30 முறை சுழல்கிறது. அந்த வெடிப்பை 1054இல் சீனர்கள் பார்த்து எழுதிவைத்தார்கள். அதுவும் பழைய பதிவுதான், கவனியுங்கள்!

இப்போது கெமிங்கா கதை. 1972இல் ஏவிய சாஸ்-2 செயற்கைக்கோள் மிதுன ராசிப் பக்கம் ஒரு காமாக் கதிர் மூலத்தைக் கண்டது. ரேடியோ தொலைநோக்கியைத் திருப்பினால் உருப்படியாக ஒன்றும் சிக்கவில்லை. இத்தாலிய ஆய்வாளர் பிக்னாமி அதற்குக் கெமிங்கா என்று பெயர் வைத்தார். மிலான் நகரப் பேச்சுவழக்கில் ‘அங்கே ஒன்றும் இல்லை’ என்று அர்த்தம் வரும். குசும்பைப் பாருங்கள்! இருபது ஆண்டுகள் இப்படியே போயின. காமாக் கதிர்த் துகள்கள் ஒன்றிரண்டாகத்தான் வரும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் விண்மீன் ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிவிடும். ஒரு சுற்றுக்கு எத்தனை நொடி என்ற தாளம் தெரியாமல் எதை எதோடு சேர்ப்பது? 1992இல் ரோசாட் செயற்கைக்கோளின் எக்ஸ் கதிர்ப் பதிவில் அந்தத் தாளம் அகப்பட்டது: 0.237 நொடி. உடனே என்ன செய்தார்கள் தெரியுமா? 1975இல் ஏவிய காஸ்-பி செயற்கைக்கோளின் பழைய பதிவை எடுத்து, அதே தாளத்தில் மடித்துப் பார்த்தார்கள், அதாவது ஒரு சுற்று நீளத் துண்டுகளாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். துடிப்பு அதிலேயே இருந்தது! அப்புறம் சாஸ்-2 பதிவிலும் இருந்தது. சிறு துரும்பு என்றேனே!

அதனால்தான் கேட்கிறேன், எந்த ஆய்வகமும் பழைய பதிவை அழிக்கக் கூடாது. எல்லாருக்கும் திறந்து வைக்க வேண்டும். 2008இல் ஏவிய ஃபெர்மி காமாக் கதிர்த் தொலைநோக்கியின் பதிவுகள் அப்படித்தான் இருக்கின்றன. தன்னார்வலர்கள் வீட்டுக் கணினியின் ஓய்வு நேரத்தைக் கொடுத்ததாலேயே அவற்றிலிருந்து புதிய பல்சர்கள் கிடைத்திருக்கின்றன.

மூன்றாவது செய்தி... செயலாளர் துண்டுச் சீட்டு நீட்டிவிட்டார். வாசலில் மனு வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனா ஒன்றுதான் இருக்கிறது, சட்டைப்பையில் செருகிக்கொண்டு போய்விடாதீர்கள்.