பால் ஊத்தினா காணாமப் போற டீக்கு 900 ரூபாயா?

அடுத்த கேள்வி, சேலத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. "டார்ஜிலிங் செகண்ட் ஃப்ளஷ்னு 100 கிராம் 900 ரூபாய்க்கு வாங்கினேன். பால் ஊத்திக் கொதிக்க வெச்சா வெந்நீர் மாதிரி இருக்கு. ஏமாந்துட்டேனா?"

அம்மா, அதை இப்பவே சொல்ல முடியாது. பாலோட கொதிச்சதுல நீங்க காசு குடுத்த விஷயமே ஆவியாப் போயிருச்சு. நம்ம வீட்டுத் தூள் சி.டி.சி.ங்கிற வகை. அதுல இலையை மெஷின்ல நசுக்கிக் குருணையாக்குறாங்க, அதனால சாறு சட்டுனு இறங்கும், பாலுக்கு ஈடு குடுக்கும். உங்களோடது இலையை வாட்டி, உருட்டிச் செஞ்ச ஆர்த்தடாக்ஸ் டீ. ஸ்ட்ராங்குக்கு இல்லம்மா, வாசனைக்குத்தான் அந்த விலை.

அந்த வாசனை எப்படி வருதுன்னு கேளுங்க. செகண்ட் ஃப்ளஷ்னா வருஷத்துல ரெண்டாவது பருவத்துக் கொழுந்து. அது வர்ற மே, ஜூன்ல டார்ஜிலிங் மலையில குட்டிக் குட்டித் தத்துப்பூச்சி கொழுந்துல சாறு உறிஞ்சும். செடி அதைச் சமாளிக்கறதுக்காகச் சில வாசனைப் பொருளை உண்டாக்கும். மஸ்கட்டல்னு சொல்ற பழுத்த திராட்சை மணம் அதுல இருந்துதான் பிறக்குது. பூச்சி கடிச்ச கொழுந்துக்குத்தான் கூடுதல் மதிப்பு! எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு இது ஆச்சரியமாத்தான் இருக்கு.

இப்ப மறுபடி போடுங்க. 2 கிராம் இலை, 150 மில்லி தண்ணி. தண்ணியைக் கொதிக்க வெச்சு இறக்கி, ஒரு நிமிஷம் விட்டு ஊத்துங்க. மூடி வெச்சு 3 நிமிஷத்துல வடிச்சிருங்க. டீ டேஸ்டருங்க 6 நிமிஷம் வரைக்கும் ஊற விடுவாங்க, குறை இருந்தா பளிச்சுனு தெரியணும்னு. நமக்கு அது வேண்டாம்.

முதல்ல சக்கையை மோந்து பாருங்க. நிறத்தையும் பாருங்க, செம்பு நிறமா, ஓரளவு ஒரே சீரா இருக்கணும். அப்புறம் டீயைச் சத்தம் வர உறிஞ்சுங்க, கூச்சப்படாதீங்க. காத்தோட சேர்ந்து போனாத்தான் மணம் மூக்குக்குப் பின்பக்கமா ஏறும். துவர்ப்பு நாக்கைப் பிடிச்சு, உடனே விட்டு, எச்சில் ஊறணும். கசப்பு தொண்டையிலயே தங்கினா அது நல்ல அடையாளம் இல்லை. பாதிக் கப்பை ஆற விடுங்க. இதைத்தான் நான் ரொம்ப நம்புவேன். சூடா இருக்கும்போது சுமாரான டீயும் நல்லா இருக்கும். ஆறினதும் நல்ல டீயில மணம் நிக்கும், பழைய ஸ்டாக்குல அட்டைப்பெட்டி வாடைதான் வரும்.

பாக்கெட்டைப் பாருங்க. எஸ்.எஃப்.டி.ஜி.எஃப்.ஓ.பி.ன்னு நீளமா எழுத்து இருக்கும். அது இலையோட அளவையும் தோற்றத்தையும் சொல்றது, ருசிக்கு மார்க் இல்லை. தோட்டத்துப் பேரு, எந்தப் பருவம், எந்த வருஷம், இந்த மூணும் இருக்கா பாருங்க. நேபாள டீயை டார்ஜிலிங்னு விக்கிறதும் நடக்குது. நேபாள டீ மட்டம்னு சொல்ல வரலை, ஆனா அந்தப் பேருக்குன்னு ஒரு விலை வாங்கறாங்க இல்லையா?

கணக்குப் போட்டா கப்புக்கு 2 கிராம், 50 கப். ஒரு கப் 18 ரூபாய். அதே இலையில ரெண்டாவது தடவையும் ஊத்தலாம், கொஞ்சம் லேசா இருக்கும்.

ஒண்ணு செய்ங்கம்மா. நல்ல நீலகிரி ஆர்த்தடாக்ஸ் கொஞ்சமா வாங்கி, ரெண்டையும் ஒரே அளவுல போட்டு, பக்கத்துல பக்கத்துல வெச்சுக் குடிங்க. உங்க நாக்குக்கு வித்தியாசம் தெரியலைன்னா அடுத்த தடவை நீலகிரியே வாங்குங்க. பால் டீக்கு உங்க பழைய தூளே போதும்.