நான்காம் இடத்துக்கு அப்புறம்

நண்பர்களே, 2021 ஆகஸ்ட் 7-ஆம் தேதி விடியற்காலையில் உங்களில் எத்தனை பேர் விழித்திருந்தீர்கள்? நான் விழித்திருந்தேன். கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாத என் வீட்டுப் பெரியவர்களும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூருப் பெண் அதிதி அசோக் பதக்கத்துக்காக ஆடிக்கொண்டிருந்தார். இடையில் இடியும் மழையும் வந்து ஆட்டம் நின்றது. மறுபடி தொடங்கி, கடைசிக் குழியில் அவர் தட்டிய பந்து குழியை ஒட்டிப் போய்விட்டது. நான்காம் இடம். கோல்ஃபில் குறைந்த அடிகளில் முடிப்பவர்தான் ஜெயிப்பார். ஒரே ஒரு ஷாட் (அடி) கூடியதில் வெண்கலம் போனது.

அன்று மாலையே நீரஜ் சோப்ரா ஈட்டியெறிந்து தங்கம் வென்றார். காலையில் நடந்ததை ஊரே மறந்தது. எனக்கு மட்டும் மறக்கவில்லை. ஏனென்று சொல்கிறேன்.

கோல்ஃபில் முதல் அடி தூரம் போக வேண்டும். அது குறைந்தால், அடுத்த அடியை இன்னும் பின்னாலிருந்து அடிக்க வேண்டும். கிரீனில், அதாவது குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையில், பந்தை நிறுத்துவது கடினமாகிவிடும். அதிதி தூரம் அடிக்கிறவர் அல்ல. போதாததற்கு, ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் முன்பு கொரோனா வந்து உடலில் இருந்த வலுவும் குறைந்திருந்தது. கடைசி நாள் கூடவே ஆடியவர் அப்போதைய உலக முதல்நிலை வீராங்கனை நெல்லி கோர்டா. அவருடைய பந்து எங்கோ முன்னால் கிடக்கும். அதிதி பின்னாலிருந்து அடிப்பார், கிரீனுக்குப் போவார், பந்தைக் குழிக்கு உருட்டும் மட்டையான பட்டரை எடுப்பார், பந்து குழிக்குள் இருக்கும்! ஒவ்வொரு நாளும் எடுத்த அடிகள் 67, 66, 68, 68. நான்கு நாளும் 70-க்குக் கீழே. பட்டிங் என்ற ஒரே கலையை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தவரை 'கோட்டை விட்டுவிட்டார்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இவர் கோல்ஃப் குடும்பத்துப் பிள்ளையும் இல்லை. ஐந்து வயது வாக்கில் பெங்களூரு மைதானத்தைப் பார்த்து ஆசைப்பட்டார். பெற்றோரும் கூடவே கற்றுக்கொண்டார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் மட்டைப் பையைச் சுமந்தவர் அப்பா, டோக்கியோவில் அம்மா. அந்த 2016 நவம்பரிலேயே, 18 வயதில், குருகிராமில் இந்தியன் ஓப்பனை வென்றார். பெண்களுக்கான ஐரோப்பியத் தொடரில் ஓர் இந்தியர் கோப்பை வாங்கியது அதுதான் முதல் தடவை. மறுவருடம் அமெரிக்காவின் பெண்கள் கோல்ஃப் தொடரான எல்பிஜிஏ-வுக்குப் போய்விட்டார்.

சரி, சீனாவின் ஹாங்சோவுக்கு வருவோம். 2023-இல் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டி. மூன்றாம் நாள் 61 அடித்தார். ஏழு ஷாட் முன்னிலை. தங்கம் கழுத்தில் விழுந்த மாதிரிதான் எல்லோரும் நினைத்தோம். மறுநாள் 77. தாய்லாந்தின் அர்பிச்சாயா யுபோல் முந்திக்கொண்டார். அதே மைதானம், அதே கை, ஒரே ராத்திரியில் 16 ஷாட் வித்தியாசம். அப்படியும் ஆசிய விளையாட்டு கோல்ஃபில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர்தான். ஆனால் அன்று அவர் முகத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை. பார்த்த எனக்கே நெஞ்சு அடைத்தது.

எட்டு வாரம் கழித்து ஸ்பெயின் ஓப்பன். கடைசி நாள் மறுபடி முன்னிலையில் நின்றார். இந்தத் தடவை விடவில்லை, கோப்பை அவருக்குத்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை நம் ஊரில் அதற்காக யாரும் விழித்திருக்கவில்லை.