சீஃப் ஆண்டர்சன்: சொல்லித்தர ஆளில்லாமல் விமானி ஆனவர்

(திரையில்: சிறிய விமானத்தின் ஜன்னலோரம் இருவர் அமர்ந்திருக்கும் கறுப்பு வெள்ளைப் புகைப்படம்)

1941 மார்ச் 29 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள டஸ்கீகியில் எடுக்கப்பட்ட படம் இது. பின்னிருக்கையில் சிரித்த முகத்தோடு அமர்ந்திருப்பவர் அன்றைய அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட். முன்னிருக்கையில் இருப்பவர், அங்கே தலைமை விமானப் பயிற்றுநராக இருந்த சார்லஸ் ஆல்ஃபிரட் ஆண்டர்சன். மாணவர்கள் அவரை 'சீஃப்' என்றே அழைத்தார்கள். கடைசிவரை அந்தப் பெயரே நிலைத்தது. அவர் விமானத் துறைக்குள் எப்படி வந்தார் என்பதை இந்த வீடியோவில் பார்க்கலாம்.

ஆண்டர்சன் 1907-ல் பென்சில்வேனியாவின் பிரின் மாரில் பிறந்தார். சிறுவயதிலேயே பறக்கும் ஆசை பற்றிக்கொண்டது. இருபது வயதைக் கடந்ததும் கையில் சேர்த்த பணத்தோடு பயிற்சிக்காக விமானத் திடல்களை நாடினார். ஆனால் கறுப்பினத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக எந்தப் பயிற்றுநரும் அவரை மாணவராக ஏற்கவில்லை. வேறொருவராக இருந்திருந்தால் அத்தோடு விட்டிருக்கக்கூடும். அவரோ சேமிப்போடு உறவினரிடமும் நண்பர்களிடமும் கடன் வாங்கி, பழைய மோனோகூப் விமானம் ஒன்றைச் சொந்தமாகவே வாங்கிவிட்டார். ஓட்டத் தெரியாதவரிடம் விமானம் இருந்தது. சொல்லித்தரத்தான் ஆள் இல்லை.

இந்த இடத்தில்தான் அவருடைய சாமர்த்தியம் தெரிகிறது. ரஸ்ஸல் தா என்ற அனுபவமுள்ள விமானிக்கு அப்போது சொந்த விமானம் கிடையாது. அட்லாண்டிக் சிட்டியில் இருந்த தன் தாயைப் பார்த்துவர அவருக்கு ஒரு விமானம் தேவைப்பட்டது. ஆண்டர்சன் தன்னுடையதை வாடகைக்குக் கொடுத்து, தானும் கூடவே ஏறிக்கொண்டார். ஓடுபாதையில் வேகம் பிடிக்கும்போது கால்கள் எப்படி இயங்குகின்றன, தரை நெருங்கும்போது கட்டுப்பாட்டுக் கோலை எவ்வளவு மெதுவாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் பயணியின் இருக்கையிலிருந்து பார்த்துப் பார்த்தே அவர் பழக வேண்டியிருந்தது. 1929-ல் தனியார் விமானி உரிமம் கிடைத்தது.

பணம் பெற்றுக்கொண்டு பயணிகளை ஏற்றிச் செல்ல அது போதாது. அதற்குப் போக்குவரத்து விமானி உரிமம் வேண்டும். ஜெர்மனியிலிருந்து குடியேறிய எர்ன்ஸ்ட் ப்யூல் என்ற விமானி அவருக்கு மேற்பயிற்சி அளித்ததோடு, தேர்வு நடத்தவிருந்த அதிகாரியிடமும் அவருக்காகப் பேசினார். 1932-ல் அந்த உரிமத்தைப் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் ஆனார் ஆண்டர்சன். அடுத்த ஆண்டே, தன்னிடம் பறக்கக் கற்றுக்கொண்ட மருத்துவர் ஆல்பர்ட் ஃபோர்சைத்துடன் அட்லாண்டிக் சிட்டியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் சென்று திரும்பினார். கறுப்பின விமானிகள் அந்தக் கண்டத்தின் குறுக்கே போய்வந்தது அதுவே முதல் முறை. 1934-ல் இருவரும் கரீபியன் தீவுகளை நோக்கியும் பறந்தார்கள்.

(திரையில்: ஸ்டியர்மன் பயிற்சி விமானம், திறந்த இரு இருக்கைகள்)

கறுப்பின மாணவர்களுக்கான டஸ்கீகி கல்வி நிறுவனம் 1940-ல் அவரைப் பணிக்கு அழைத்தது. பின்னர் கறுப்பின விமானிகளுக்காக டஸ்கீகியில் தொடங்கிய ராணுவப் பயிற்சி தொடக்க நிலை, அடிப்படை நிலை, மேல்நிலை என மூன்று கட்டங்களாக நடந்தது. பின்னிரண்டையும் ராணுவ அதிகாரிகள் தங்கள் தளத்தில் நடத்த, தொடக்க நிலை மட்டும் மோட்டன் ஃபீல்ட் என்ற விமானத் திடலில் ஆண்டர்சன் தலைமையிலான சிவிலியன் பயிற்றுநர்களிடம் இருந்தது. விமானத்தின் வேகம் குறைந்து இறக்கை தன் தூக்குவிசையை இழக்கும் நிலையிலிருந்து மீள்வது, சுழன்று விழும் விமானத்தை நிமிர்த்துவது, தனியாக ஏறித் தனியாக இறங்குவது ஆகிய அனைத்தையும் மாணவர் முதன்முதலில் கற்பது இந்தக் கட்டத்தில்தான். ஒருவர் விமானி ஆவாரா, வீடு திரும்புவாரா என்பதும் பெரும்பாலும் இங்கேயே தெரிந்துவிடும் என்பதால், மூன்றில் இதுவே கடினமான ஆசிரியப்பணி என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்டியர்மன் விமானத்தில் பயிற்றுநர் முன்னாலும் மாணவர் பின்னாலும் அமர்வார்கள். எஞ்சின் இரைச்சலையும் காற்றையும் மீறிப் பேச, பயிற்றுநரின் வாயருகே ஒரு புனல் இருக்கும். அதிலிருந்து செல்லும் ரப்பர் குழாய் மாணவரின் தலைக்கவசத்தில் காதோடு இணைந்திருக்கும். குரல் ஒரு திசையில் மட்டுமே போகும். மாணவர் பதில் பேச முடியாது. மேல் இறக்கையில் பொருத்தப்பட்ட கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துத்தான், சொன்னது புரிந்ததா, பயந்துவிட்டாரா என்று பயிற்றுநர் கணிக்க வேண்டும்.

எலினோர் ரூஸ்வெல்ட் ஆண்டர்சனுடன் பறந்ததால்தான் கறுப்பின விமானப் படையே உருவானது என்று பலரும் சொல்வதுண்டு. தேதிகள் அதற்கு இடம் தரவில்லை. அப்படை பற்றிய அறிவிப்பு 1941 ஜனவரியிலேயே வந்துவிட்டது. 99-ஆவது போர்விமான அணி, அந்தப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்னதாக, மார்ச் 22 அன்று தோற்றுவிக்கப்பட்டது. கறுப்பினத்தவரால் விமானம் ஓட்ட முடியுமா என்று பலர் வாதிட்டுக்கொண்டிருந்த காலத்தில், பாதுகாவலர்களின் எதிர்ப்பையும் மீறி எலினோர் அந்த விமானத்தில் ஏறியதும், அந்தப் படம் நாடெங்கும் பரவியதும்தான் அப்பயணத்தின் பலன். மோட்டன் ஃபீல்டை அமைக்க ரோசன்வால்ட் நிதியம் என்ற அறக்கட்டளை 1,75,000 டாலர் கடன் வழங்கியதும் அதை ஒட்டித்தான். எலினோர் அந்த நிதியத்தின் அறங்காவலர்களில் ஒருவர்.

1942 மார்ச்சில் முதல் பயிற்சிக் குழுவில் ஐந்து பேர் தேர்ச்சி பெற்றார்கள். பயிற்சித் திட்டம் முடிந்த 1946-க்குள் அந்த எண்ணிக்கை 992 ஆனது. பின்னாளில் அமெரிக்க விமானப்படையின் முதல் கறுப்பின நான்கு நட்சத்திர ஜெனரலான டேனியல் 'சாப்பி' ஜேம்ஸும் டஸ்கீகியில் உருவானவர்தான்.

போர் முடிந்த பிறகும் ஆண்டர்சன் டஸ்கீகியை விட்டுப் போகவில்லை. மோட்டன் ஃபீல்டிலேயே பயிற்சிப் பள்ளியும் விமானப் பழுதுபார்ப்பும் நடத்தினார். வெள்ளையின மாணவர்களும் அவரிடம் வந்து கற்றார்கள். 1967-ல் கறுப்பின விமானிகளுக்கான 'நீக்ரோ ஏர்மென் இன்டர்நேஷனல்' அமைப்பைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 1996 ஏப்ரலில், 89-ஆம் வயதில், டஸ்கீகியிலேயே காலமானார். 2014-ல் அமெரிக்க அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த 70 சென்ட் தபால்தலையை, அவர் பிறந்த பிரின் மாரில் வெளியிட்டது.