தாடை வளர மெல்ல வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல்லைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது கறைதான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டி புளூரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்து வளர்ந்த எத்தனையோ பிள்ளைகளின் பற்கள் பழுப்பேறிப் போயின. அதற்காகவே வந்தது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஆனால் புளூரைடு கெடுப்பது பல்லின் மேற்பூச்சான எனாமலை. பல் கோணலாக முளைப்பதற்குக் காரணம் வேறு. இன்று அந்தக் கோணலைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

ஒரு பல் மருத்துவராக நான் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது: "அப்பாவின் பெரிய பல்லும் அம்மாவின் சின்ன வாயும் சேர்ந்துவிட்டது டாக்டர்." பரம்பரைக்குப் பங்கு உண்டு; மறுக்கவில்லை. ஆனால் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்த பழங்கால மனிதர்களின் மண்டையோடுகளைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் பற்கள் வளைவாக, நெருக்கமில்லாமல் நிற்கின்றன. நம்மில் பலருக்கு ஈறுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும் ஞானப்பல்லுக்கும் அங்கே இடம் இருக்கிறது. அவர்களும் நாமும் ஒரே இனம். இடைப்பட்ட காலத்துக்குள் மரபணு இவ்வளவு மாறிவிடாது.

மாறியது மெல்லும் வேலை. பல்லின் அளவு, அது ஈறைக் கிழித்து வெளியே வருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. பிறகு பல் வளராது. தாடை எலும்பு அப்படியல்ல. குழந்தைப் பருவம் முழுக்க, அதன்மேல் விழும் அழுத்தத்துக்கு ஏற்ப அது வளர்கிறது. அழுத்தம் குறைந்தால் தாடை குட்டையாக நின்றுவிடும். பற்களோ தம் முழு அளவில் வந்து சேரும். மூன்று பேர் உட்காரும் பஸ் இருக்கையில் நான்கு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தால் ஒருவர் முன்னால் தள்ளப்படுவார் அல்லவா? தெத்துப்பல் பெரும்பாலும் அப்படி வருவதுதான்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பரிணாம உயிரியலாளர் டேனியல் லீபர்மன் குழுவினர் ஹைராக்ஸ் என்னும், முயல் அளவுள்ள விலங்குகளை இரண்டு பிரிவாக வளர்த்தார்கள். ஒரு பிரிவுக்கு வேகவைத்த மென்மையான உணவு, மற்றதற்கு வேகாத கடினமான உணவு. மென்மையான உணவு தின்றவற்றின் முகம், தாடைப் பக்கம் ஏறக்குறைய பத்து சதவீதம் குறைவாக வளர்ந்திருந்தது. 2004-இல் வெளியான ஆய்வு இது. அதற்கு முன்பே ராபர்ட் கொருச்சினி என்ற மானிடவியலாளர் வட இந்தியாவில் கிராமத்து இளைஞர்களையும் நகரத்து இளைஞர்களையும் ஒப்பிட்டார். வரிசை தப்பிய பற்கள் நகரத்தில்தான் அதிகம்.

உடனே, "அப்படியானால் பழையபடி ராகிக் களிக்குத் திரும்பினால் போதும்" என்று பலர் நினைப்பீர்கள். இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். களியை நாம் எப்படிச் சாப்பிடுகிறோம்? உருண்டையைக் கிள்ளி, கீரைக் கடைசலிலோ கொள்ளுக் குழம்பிலோ தோய்த்து, அப்படியே விழுங்குகிறோம். அதில் பல்லுக்கு வேலையே இல்லை. கூழும் அப்படித்தான். ராகியில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருக்கிறது, எலும்புக்கு மிக நல்லது, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் தாடையைப் பொறுத்தவரை குழையக் கிண்டிய களியும் குழைந்த பொன்னி அரிசிச் சோறும் ஒன்றுதான். தானியம் பழையதா புதியதா என்று தாடைக்குத் தெரியாது. எத்தனை முறை, எவ்வளவு அழுத்தி மென்றோம் என்பதுதான் அதற்குக் கணக்கு. மேற்காசியாவில் சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் முதன்முதலில் பயிரிட்டவர்களிடமே பல்லுக்கும் தாடைக்கும் இருந்த பொருத்தம் குலையத் தொடங்கியதை எலும்புகள் காட்டுகின்றன. அதே சமயம், பழங்காலத்தவர் எல்லோருக்கும் முத்து வரிசை என்பதும் சரியில்லை. இஸ்ரேலின் கஃப்சே குகையில் கிடைத்த, ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டு பழமையான மண்டையோட்டிலும் கோணல் பல் இருக்கிறது.

களிக்கு வெளியே, நம் வீடுகளில் மெல்லும் தீனி எவ்வளவோ இருந்தது. வறுத்த கொள்ளு, தோலோடு கடித்த கரும்பு, சுட்ட சோளக்கதிர், பச்சை வேர்க்கடலை, காய்வெட்டு மாங்காய். அந்த இடத்தில் இன்று வாயில் வைத்ததும் கரையும் பிஸ்கட்டும் பன்னும் வந்துவிட்டன என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. இவை பல்லைச் சொத்தையாக்குவதோடு தாடையின் வேலையையும் பறித்துவிடுகின்றன. மாலையில் பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும் ஒரு கேரட்டையோ, கொய்யாவையோ, ஒரு துண்டு கரும்பையோ கையில் கொடுங்கள். கரும்பு தின்றபின் வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். கைக்குழந்தைக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு இணை உணவு தொடங்கும்போது எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்தே கொடுத்துப் பழக்காதீர்கள். மசித்தது, பிறகு சிறு துண்டு என்று மெல்ல மெல்லக் கடினத்தைக் கூட்டுங்கள். ஐந்து வயது ஆகாத பிள்ளைக்கு முழு வேர்க்கடலை வேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கிவிடும். வறுத்த புளியங்கொட்டை பெரியவர்களின் பல்லையே உடைத்துவிடும், அதையும் தவிர்த்துவிடுங்கள்.

பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் இனிமேல் எவ்வளவு கரும்பு கடித்தாலும் முளைத்துவிட்ட பல் வரிசைக்கு வராது. உங்களுக்குக் கிளிப் போடுவதுதான் வழி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெற்றோர், பிள்ளைக்கு ஏழு வயது வாக்கில், முன்பற்கள் விழுந்து முளைக்கும் காலத்தில், ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். தாடை வளரும் நாளில் செய்யக்கூடிய சில எளிய சிகிச்சைகள், வளர்ந்து முடிந்தபின் செய்ய முடியாதவை.

வணக்கம்.