கொல்ல வந்தவர்களும் விண்ணப்பிக்கக்கூடிய சட்டம்: துல்லா ஓமர்

வணக்கம் நண்பர்களே. மனித உரிமை வழக்கறிஞர் ஒருவர் அமைச்சரானால் பழைய கொள்கையோடு நிற்க முடியுமா என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். பொதுவாகப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒரே ஒரு மனிதரைப் பற்றிப் பேசுகிறேன்: தென்னாப்பிரிக்காவின் துல்லா ஓமர்.

1934-இல் கேப் டவுனில், குஜராத்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். சட்டம் படித்து, நிறவெறி அரசு சிறையில் தள்ளியவர்களுக்காக வாதாடினார். அரசியல் கைதிகளை அடைத்துவைத்த ராபன் தீவுச் சிறைக் கைதிகளின் வழக்கறிஞர். எண்பதுகளில் அவரையே விசாரணையின்றிப் பிடித்து அடைத்தார்கள். மண்டேலா விடுதலையாவதற்கு முன்பு அவர் சார்பில் வெளியுலகத்திடம் பேசியவரும் இவர்தான்.

இப்போது சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள். ராணுவத்துக்குள் ஒரு ரகசியக் கொலைப்படை இருந்தது. பெயர் சிவில் கோஆப்பரேஷன் பியூரோ. அந்தப் படை 1989-இல் ஓமரைத் தீர்த்துக்கட்ட ஒரு ரவுடிக்குப் பணம் கொடுத்து ஏவியது. முதலில் துப்பாக்கியால் சுடுவதாகத் திட்டம். அது நடக்கவில்லை. ஓமர் இதய நோயாளி; தினமும் மாத்திரை சாப்பிடுபவர். அந்த மாத்திரையின் இடத்தில் நஞ்சை வைக்க அடுத்த திட்டம் போட்டார்கள். இதய நோயாளி இறந்துபோனால் யார் சந்தேகப்படுவார்கள்? நல்லவேளையாக அதுவும் கைகூடவில்லை.

ஐந்தே ஆண்டுகளில், 1994-இல், அவர் மண்டேலாவின் நீதித்துறை அமைச்சர். நிறவெறிக் காலக் குற்றங்களை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தை உருவாக்கிய 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தவர் அவர்தான். அரசியல் நோக்கத்தோடு செய்த குற்றத்தை ஒளிவுமறைவில்லாமல் முழுவதும் ஒப்புக்கொண்டால் பொதுமன்னிப்பு. கிடைத்துவிட்டால் குற்ற வழக்கும் இல்லை, நஷ்டஈட்டு வழக்கும் இல்லை. ஓமரைக் கொல்லச் சதி செய்த அதே படையினர் பின்னால் இந்தச் சட்டத்தின் கீழ்தான் மன்னிப்புக் கேட்டு விண்ணப்பித்தார்கள்.

தன்னைக் கொல்ல வந்தவனை மன்னிப்பது ஒருவரின் சொந்த உரிமை. அடுத்தவர் வீட்டுச் சாவை மன்னிக்க அமைச்சருக்கு என்ன உரிமை? காவலில் அடிபட்டு 1977-இல் இறந்த நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பிகோவின் மனைவியும், 1981-இல் டர்பனில் குத்திக் கொல்லப்பட்ட வழக்கறிஞர் கிரிஃபித்ஸ் ம்க்செங்கேயின் சகோதரரும் இதைத்தான் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் கேட்டார்கள். எதிர்மனுதாரர்களில் நீதித்துறை அமைச்சரும் ஒருவர். ம்க்செங்கே யார்? ஓமரைப் போலவே அரசியல் கைதிகளுக்காக வாதாடியவர். 1996-இல் குடும்பங்கள் தோற்றன. மறு ஆண்டு, ம்க்செங்கேயைக் கொன்றதாகத் தண்டனைத் தீர்ப்புப் பெற்றிருந்த போலீஸ் கொலைப்படையின் முன்னாள் தலைவர் டிர்க் கூட்சியாவுக்கும் கூட்டாளிகளுக்கும் பொதுமன்னிப்புக் கிடைத்தது. இதைப் படித்த அன்று எனக்கு வயிறு எரிந்தது.

ஆனாலும் ஓமர் மீது பழி போட என்னால் முடியவில்லை. மன்னிப்பு உண்டு என்ற வாக்குறுதி 1993 இடைக்கால அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டுவிட்டது. ராணுவமும் போலீசும் பழைய ஆட்களின் கையில் இருந்தபோது ஏற்பட்ட உடன்பாடு அது. அந்த வாக்குறுதியை மூடிய அறைக்குள் ஓசையில்லாமல் நிறைவேற்றியிருக்கலாம். ஓமரின் சட்டமோ, ஒவ்வொருவனும் தன் பெயரைச் சொல்லி, செய்ததைச் சொல்லி, பெரும்பாலான கொடூர வழக்குகளில் குடும்பத்தார் முன்னிலையில் கேள்விகளுக்கும் பதில் சொல்ல வைத்தது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். மன்னிப்புப் பெற்றவர்கள் 849 பேர் மட்டுமே.

எனக்குத் தாங்காதது அடுத்து நடந்தது. மன்னிப்பு மறுக்கப்பட்டவர்கள், கேட்கவே வராதவர்கள் மீதெல்லாம் வழக்குத் தொடர வேண்டும் என்பதுதானே ஏற்பாடு? ஏறக்குறைய முந்நூறு வழக்குகளை ஆணையம் அரசு வழக்குத்தொடுப்புத் துறையிடம் ஒப்படைத்தது. பெரும்பாலானவை அப்படியே கிடந்தன. ஓமர் 1999-இல் போக்குவரத்து அமைச்சராக மாற்றப்பட்டு, 2004-இல் புற்றுநோயால் இறந்துபோனார். அந்த வழக்குகளை யாராவது வேண்டுமென்றே தடுத்தார்களா என்று விசாரிக்க, 2025-இல்தான் ஜனாதிபதி ராமபோசா ஒரு விசாரணை ஆணையம் அமைத்தார்.

1971-இல் போலீஸ் கட்டடத்தின் பத்தாவது மாடியிலிருந்து விழுந்து இறந்த நிறவெறி எதிர்ப்புப் போராளி அகமது டிமோலின் வழக்கைப் பற்றி அடுத்த வீடியோவில் பேசுகிறேன். தற்கொலை என்ற பழைய முடிவு 2017-இல்தான் கொலை என்று திருத்தப்பட்டது. அதற்காக அவருடைய குடும்பம் ஏறி இறங்கிய படிகளை விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.