லிஃப்ட் கிட் இல்லாத கிழவனுக்கு ஆஃப்ரோடு டயர்: 31 ஏன் போடவில்லை?

வணக்கம் மக்களே. முதலில் சத்தத்தைக் கேளுங்கள். இன்ஜின் சத்தத்தைச் சொல்லவில்லை, அது எப்போதும் அப்படித்தான். ஸ்டியரிங்கை இடப்பக்கம் கடைசிவரை ஒடிக்கிறேன்... இப்போது வலப்பக்கம்... ஏதாவது உரசல் கேட்டதா? இல்லை அல்லவா, அதற்குத்தான் இன்றைக்கு இந்த வீடியோவே.

கிழவனுக்கு, அதாவது என் பழைய எஸ்யூவிக்கு, புது டயர் போட்டாயிற்று. வண்டியின் உடலை உயரத் தூக்கும் லிஃப்ட் கிட் மட்டும் போடவில்லை. போன வீடியோவுக்கு வந்த பதில்களைப் படித்ததில் ஏறிய கடுப்பு இன்னும் இறங்கவில்லை. "லிஃப்ட் இல்லாமல் ஆஃப்ரோடு டயர் வீண், அண்ணா." "31 போடுங்க, உரசினால் வெட்டிக்கலாம்." 31 என்றால் 31 அங்குல உயர டயர், வெட்டுவது என்றால் அது உரசுகிற வீல் ஆர்ச்சை, சக்கரத்துக்கு மேலே இருக்கும் வளைவை. வெட்டிக்கலாமாம்! யார் வண்டியை யார் வெட்டுவது?

முதல் ஆளுக்கு முதலில் பதில். கிழவனுக்குப் பின்னால் இருப்பது முழு ஆக்சில், இரண்டு சக்கரத்தையும் சேர்த்துத் தாங்கும் ஒரே கட்டை. கல்லில் முதலில் இடிப்பது அதன் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் குண்டு, இரண்டு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துத் தரும் கியர்கள் இருக்கும் கூடு. லிஃப்ட் கிட் போட்டால் பாடி உயரும், சேசிஸ் உயரும், குண்டு இருந்த இடத்திலேயேதான் இருக்கும். அதைத் தரையிலிருந்து தூக்குவது டயர் மட்டும்தான். அது ஒரு பக்கம் இருக்கட்டும், லிஃப்ட் பிடிமானம் தருமா? தராது. ஈரக்களிமண்ணில் வழுக்கையான டயரோடு நிற்கிற வண்டியை எவ்வளவு தூக்கினாலும் அது உயரமாக நின்றுகொண்டு சுற்றும், அவ்வளவுதான்.

அப்புறம் 31 கட்சிக்காரர்களே, வாருங்கள், கணக்குப் போடுவோம். கிழவனுக்குக் கம்பெனி கொடுத்த அளவு 235/75 ஆர்15. அகலம் 235 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 75 சதவீதம், ரிம் 15 அங்குலம். கூட்டினால் மொத்த உயரம் 733 மி.மீ. சொச்சம், அதாவது 28.9 அங்குலம். நீங்கள் சொல்கிற 31 பை 10.5 டயர், அதாவது உயரம் 31 அங்குலம், அகலம் 10.5 அங்குலம், 787 மி.மீ. வித்தியாசம் 54. ஆனால் வண்டி உயர்வது அதில் பாதி, 27 மி.மீ.தான். மீதிப் பாதி மேலே வீல் ஆர்ச்சை நோக்கிப் போகிறது. அங்கே இடம் எங்கே இருக்கிறது?

பழைய வண்டி என்றால் இருக்கிற இடமும் குறைந்திருக்கும். ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும், ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது தாங்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப் நொறுங்கியிருக்கும், சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ் எல்லாம் தளர்ந்திருக்கும். இணையத்தில் "இந்த மாடலுக்கு 31 உரசாமல் போகும்" என்று எழுதுகிறவர் எந்த வயது வண்டியை வைத்து எழுதினார்? டயர் வாங்குவதற்கு முன் நான்கு பக்கமும் ஹப்பின் நடுவிலிருந்து ஆர்ச் விளிம்புவரை டேப் வைத்து அளந்துவிடுங்கள். டயர் உயரம் இந்த அளவில் கலக்காது, அதனால் ஸ்பிரிங்கின் உண்மை நிலை தெரிந்துவிடும். கிழவனின் ஓட்டுநர் பக்கம் மற்றதைவிடத் தாழ்ந்திருந்தது. அதனால்தான் முதலில் ஸ்பிரிங் மாற்றினேன், அந்த வீடியோவும் பார்த்திருப்பீர்கள். கம்பெனி உயர ஸ்பிரிங்தான், அதை லிஃப்ட் என்று யாரும் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கடைசியில் எடுத்தது 30 பை 9.5 ஆர்15, ஏடி, அதாவது சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயர். உயரம் 762 மி.மீ., குண்டுக்கு 14 மி.மீ. லாபம். அகலம் பழையதைவிட 6 மி.மீ.தான் கூடுதல். இந்த ஒல்லி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அகல டயரைப் பார்த்து வாய் பிளக்கிறவர்களுக்குப் புரியாது. லிஃப்ட் இல்லாத வண்டியில் உரசலுக்கு உயரத்தைவிட அகலம் பெரிய எதிரி. இன்னொன்று, என் ரிம் 7 அங்குல அகலம். 10.5 டயருக்கு அது கடைசிப் படி, அதைவிட ஒல்லி ரிம் ஆகாது, 9.5க்குத் தாராளம். ஆஃப்செட் குறைவான ரிம், அதாவது சக்கரத்தை ஹப்பிலிருந்து வெளிப்பக்கம் தள்ளி நிறுத்தும் ரிம், வாங்கி டயரை வெளியே தள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. வெளியே தள்ளினால் டயர் திரும்பும் வட்டமும் பெரிதாகி, உள்ளே உரசுவதற்குப் பதில் பம்பர் ஓரத்தில் உரசும். வேண்டவே வேண்டாம்.

எம்டி, அதாவது சேற்றுக்கான மட் டெரெய்ன் டயர், ஏன் எடுக்கவில்லை? பிடிக்காது, அதனால். சரி, காரணமும் சொல்கிறேன். எடை அதிகம், நல்ல சாலையில் ஊளையிடும், ஈரத் தாரில், பட்டன்களில், அதாவது டயரின் ரப்பர் கட்டிகளில், சின்னக் கீறல்கள் குறைவாக இருப்பதால் பிடிமானம் குறையும். பழைய பிரேக், பழைய இன்ஜின், அதற்குமேல் கனமான டயர் எதற்கு? 4.10 ஃபைனல் கியர், அதாவது டிஃபரன்ஷியலில் இருக்கும் கடைசிக் கியர் விகிதம், உள்ள வண்டியில் 31 போட்டாலே அது 3.82 மாதிரி நடந்துகொள்ளும். ஏற்றத்தில் ஒரு கியர் இறக்க வேண்டி வரும்.

இப்போது மட் ஃபிளாப் திருகு. இதைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

இடப்பக்கம் முழுதாக ஒடித்தால் வலது முன் டயரின் பின்விளிம்பு வெளிப்பக்கமாக வந்து மட் ஃபிளாப்பைத் தேடும். எங்கே படுகிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. டயரின் தோளில் வட்டமாக சாக்பீஸ் தேய்த்துக்கொண்டேன். ஒரு சக்கரத்தைச் சரிவுப் பலகையில் ஏற்றி, ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் ஒடித்து, இறங்கிப் போய்ப் பார்த்தால், உள் லைனரில் ஒன்றும் இல்லை. ஆர்ச்சில் ஒன்றும் இல்லை. மட் ஃபிளாப்பின் கீழ்மூலையில், ஒரே ஒரு திருகுத் தலையில், பொட்டு வைத்த மாதிரி வெள்ளை!

அது கம்பெனித் திருகே இல்லை. முன்பு வைத்திருந்த யாரோ ஒரு புண்ணியவான் தலை பெருத்த திருகு ஒன்றை உள்நோக்கி முறுக்கி வைத்திருக்கிறார். துருப்பிடித்து, காடியெல்லாம் மழுங்கி, ஸ்க்ரூ டிரைவரைப் போட்டால் வழுக்குகிறது. துரு எண்ணெய் அடித்தேன், அசையவில்லை. ராத்திரி முழுக்க ஊறவிட்டேன், அப்போதும் அசையவில்லை. கடைசியில் ஹேக்ஸா பிளேடை வெறும் கையில் பிடித்து, தலையில் புதிதாக ஒரு காடி அறுத்து, அகலமான டிரைவரை வைத்து அழுத்தினேன். "கிரீச்" என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், கால் சுற்று திரும்பியது. நான் போட்ட கத்தலை வீடியோவில் வெட்டிவிட்டேன். அந்த இடத்தில் இப்போது பிளாஸ்டிக் கிளிப். டயருக்கும் ஃபிளாப்புக்கும் நடுவில் ஒரு பென்சில் போகிறது. இதோ, பென்சில். போகிறதா? போகிறது! மறுபடியும் காட்டுகிறேன்.

ஆனால் நின்ற இடத்தில் உரசவில்லை என்பதோடு விட முடியாது. மேட்டில் இடித்து ஏறும்போது புஷ் தளர்வு அளவுக்குச் சக்கரம் பின்னால் தள்ளப்படும். அதனால் புஷ்ஷும் பார்த்துவிட்டேன், அலைன்மென்டும் செய்துவிட்டேன்.

அட, ஒன்று விட்டுவிட்டேன், கொஞ்சம் பின்னால் போவோம். சுமை எண், ஒரு டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதைச் சொல்லும் குறியீடு. "பழைய டயரில் 105, புதியதில் 104, இறங்கிவிட்டீர்களே" என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. 105 என்றால் 925 கிலோ, 104 என்றால் 900. ஆனால் பழையது பயணிகள் கார் வகை டயர். அதை எஸ்யூவியில் போடும்போது சுமையை 1.1 ஆல் வகுத்துத்தான் எடுக்க வேண்டும், அப்போது 841 வருகிறது. புதியது எல்டி, அதாவது லைட் டிரக் வகை, அதற்கு அந்தக் கழிவு கிடையாது. ஒரு விஷயம், எல்டி டயர் அதே எடையைச் சுமக்க அதிகக் காற்று கேட்கும். கதவு ஸ்டிக்கரில் உள்ள எண்ணை அப்படியே அடித்துவிட்டுப் போகாதீர்கள், சுமை அட்டவணையைப் பாருங்கள்.

தேதியையும் பாருங்கள். பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம்தான் தயாரித்த தேதி. 3223 என்றால் 2023ஆம் ஆண்டின் 32ஆம் வாரம். எனக்கு முதலில் ஒரு கடையில் எடுத்துக் காட்டிய நான்கில் ஒன்று மட்டும் பல வருடம் பழையது, வெள்ளை வெடிப்பு கண்ணுக்கே தெரிந்தது. "குடோனில்தானே இருந்தது" என்றார்கள். குடோனில் இருந்தாலும் ரப்பர் ரப்பர்தான் ஐயா.

ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது உண்மையில் ஏறக்குறைய 83 போகிறேன், அது பெரிதில்லை. 31 போட்டிருந்தால் கிட்டத்தட்ட 86.

மிச்சம் இருப்பது ஸ்டெப்னி. வண்டிக்கு அடியில் தொங்கும் கூண்டில் 30 ஏறுகிறது, ஆனால் சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் இடைவெளி எனக்குத் திருப்தியாக இல்லை. ஐந்தாவதாகப் பழைய 235 டயரையே வைத்துக்கொள்ளலாமே என்கிறீர்களா? பின்னால் மட்டும் சின்ன டயரோடு நான்கு சக்கர இயக்கத்தில் நல்ல சாலையில் போனால், முன்பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுகும். அதனால் அதே அளவில் ஐந்தாவதும் வாங்கியாகிவிட்டது, இப்போதைக்கு டிக்கியில் கிடக்கிறது. குழாயை நகர்த்துவதா, பின்கதவில் தாங்கி வைப்பதா என்று கீழே சொல்லுங்கள். "31 போடுங்க" என்று மட்டும் எழுதாதீர்கள்.