படபடப்பு பரம்பரையா?

வணக்கம் நேயர்களே.

"அவ அம்மாவுக்கும் இப்படித்தான், அது ரத்தத்திலேயே இருக்கு." தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல்களில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. கொழுந்து பறித்துக்கொண்டு நின்ற பெண்ணுக்குத் திடீரென்று நெஞ்சு அடைக்கும், மூச்சு முட்டும், விரல்கள் மரத்துப்போகும். செத்துவிடுவோம் என்றே அவர் நினைப்பார். டிஸ்பென்சரிக்கும் அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போவார்கள். ஈ.சீ.ஜி. எடுத்துப் பார்த்தால் இருதயத்தில் கோளாறு இருக்காது. அப்போதுதான் இந்தத் தீர்ப்பு வரும். அதைக் கேட்டு அவருடைய மகளுக்கு வந்த சம்பந்தம்கூட நின்றுபோகும்.

இது பெரிய அநியாயம்.

பரம்பரைக்குப் பங்கு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகளின்படி, இப்படித் திடீரென்று வந்து தாக்கும் பீதி நோய் யாருக்கு வரும், யாருக்கு வராது என்ற வித்தியாசத்தில் ஏறக்குறைய 40 வீதம் பரம்பரையால் விளக்கப்படுகிறது. இதற்கென்று ஒற்றைப் பரம்பரையலகு (ஜீன்) இல்லை. பல சேர்ந்து, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்கின்றன. அப்படிப் பிள்ளைக்கு வருவது நோய் அல்ல, சருகு விழுந்தாலும் குரைக்கும் காவல் நாயைப் போன்ற ஒரு கூர்மை. பெற்றோரிலோ கூடப்பிறந்தவர்களிலோ ஒருவருக்கு இந்த நோய் இருந்தால், மற்றவர்களில் ஏறக்குறைய பத்துக்கு ஒருவருக்குத்தான் அது வருகிறது. மற்ற ஒன்பது பேரையும் ஏன் மறந்துவிடுகிறோம்?

மிச்சத்தை வாழ்க்கை தீர்மானிக்கிறது. அமெரிக்க உளவியலாளர் சூசன் மினேக்காவும் அவருடைய குழுவினரும் 1980களில் குரங்குகளை வைத்து இதை ஆராய்ந்தார்கள். ஆய்வுகூடத்தில் வளர்ந்த இளம் குரங்குகளுக்குப் பாம்பு என்றால் பயமே இருக்கவில்லை. காட்டில் பிறந்த தாய் தகப்பன் பாம்பைக் கண்டு பதறியதைப் பார்த்ததும் சில நிமிடங்களிலேயே அவற்றில் பெரும்பாலானவையும் பயப்படத் தொடங்கின. பிறகு, ஒரு குரங்கு பூவைக் கண்டு மிரளுவதுபோல் ஒட்டிய வீடியோவைக் காட்டினார்கள். பூவுக்கு எந்தக் குரங்கும் பயப்படவில்லை. எதற்குச் சட்டென்று பயப்படலாம் என்ற ஆயத்தம் பிறப்பிலேயே இருக்கிறது. அதைத் தட்டி எழுப்புவது கண்ணால் கண்டது.

நம் பிள்ளைகள் எதைக் காண்கிறார்கள்? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்தயில் மண்சரிந்து லயங்களை மூடியது. அன்று முதல் மழை இருட்டினாலே தூங்காத தாய்மார் மலையகத்தில் எத்தனை பேர்! அந்தப் பயம் நியாயமானது, அதை நோய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மலைச் சரிவில் விரிசல் கண்ட லயத்தில் குடும்பத்தை வைத்துவிட்டு, தாய்க்கு மட்டும் குளிசை கொடுப்பது வைத்தியமாகாது. அவர்களுக்குப் பாதுகாப்பான இடத்தில் வீடு வேண்டும். அதுவரைக்கும், மழை பலத்தால் எந்த வழியால் போவது, யார் வீட்டில் தங்குவது என்று பிள்ளைகளோடு பேசி, ஒருமுறை நடந்தும் காட்டுங்கள். வெறுமனே "பயப்படாதே" என்று அதட்டுவதால் பயன் இல்லை.

நெஞ்சு அடைப்பு முதல் தடவை வந்தால் கட்டாயம் வைத்தியரிடம் போங்கள். இருதயம், தைரொயிட், இரத்தச்சோகை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பீதிதான் என்று தெரிந்தால், அது சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்கும். விரல் மரப்பது வேகமாக மூச்சு வாங்குவதால். உடம்பில் காபனீரொட்சைட்டு குறைந்துவிடுகிறது. மூச்சை உள்ளே இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். பயந்து வேலைக்கும் கடைக்கும் போகாமல் விட்டால்தான் இது வேர்விடும். பேச்சு வழிச் சிகிச்சையும் மருந்தும் இதற்கு நன்றாகவே கைகொடுக்கின்றன, தாய்க்கு இருந்திருந்தாலும் சரி, பாட்டிக்கு இருந்திருந்தாலும் சரி. தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926. ஒரு ஆத்திர அவசரத்துக்கு அதைக் கதவுக்குப் பின்னால் எழுதி வையுங்கள்.